உருப்பெருக்கம் சரியாக வரவில்லையா? அறிகுறியை வைத்துப் பிழையைப் பிடிக்கும் வழிமுறை

லென்ஸ் கணக்கிலோ ஆய்வகத்திலோ உருப்பெருக்கம் சரியாக வராதபோது, பிழை பெருக்கல் வகுத்தலில் இருப்பது அபூர்வம். எதை எதனால் வகுத்தோம் என்பதில்தான் பெரும்பாலும் கோளாறு. உருப்பெருக்கம் என்ற ஒரே பெயரில் இரண்டு விகிதங்கள் புழங்குகின்றன. பிம்பத்தின் உயரத்தைப் பொருளின் உயரத்தால் வகுத்தால் கிடைப்பது பக்கவாட்டு உருப்பெருக்கம். கருவி வழியாகப் பார்க்கும்போது கண்ணில் விரியும் கோணத்தை, கருவி இல்லாமல் பார்க்கும்போது விரியும் கோணத்தால் வகுத்தால் கிடைப்பது கோண உருப்பெருக்கம். திரையில் விழும் பிம்பத்துக்கு முதலாவது. கண்ணை வைத்துப் பார்க்கும் கருவிகளுக்கு இரண்டாவது. கீழே உள்ள அறிகுறிகளில் சில இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால் வருபவை.

வேறு அலகு சொல்லாத இடங்களில் தூரங்கள் எல்லாம் செ.மீ.யில். குறி தேவைப்படும் இடங்களில் கார்ட்டீசியன் குறியீட்டு மரபு: ஒளி செல்லும் திசை நேர், எதிர்த்திசை எதிர்.

அறிகுறி: திரையில் பிம்பம் தலைகீழாக இருக்கிறது, கணக்கில் நேர்க்குறி வருகிறது

இரண்டு மரபுகள் கலந்துவிட்டன. கார்ட்டீசியன் மரபில் லென்ஸுக்கு உருப்பெருக்கம் = பிம்பத் தூரம் ÷ பொருள் தூரம். ஆடிக்கு அதே விகிதத்தின் முன்னால் ஒரு எதிர்க்குறி. மெய் தூரங்களை எல்லாம் நேராக எடுத்துக்கொள்ளும் பழைய மரபில் லென்ஸுக்கும் முன்னால் எதிர்க்குறி உண்டு. ஒரு புத்தகத்தின் சூத்திரத்தில் இன்னொரு புத்தகத்தின் குறிகளைப் போட்டால் விடையின் அளவு சரியாக இருக்கும், குறி மட்டும் புரண்டுவிடும்.

குவியத்தூரம் 10 உள்ள குவிலென்ஸின் முன்னால் 15 தூரத்தில் பொருள் இருந்தால், பிம்பம் மறுபக்கம் 30இல் விழும். கார்ட்டீசியன் மரபில் +30 ÷ −15 = −2. இதே எண்களைப் பழைய மரபின் சூத்திரத்தில் போட்டால் −(+30 ÷ −15) = +2 என்று வந்து நிற்கும்.

சரிபார்க்க ஒரு விதி போதும்: மெய்யான ஒரு பொருளுக்கு ஒரே லென்ஸோ ஒரே ஆடியோ உண்டாக்கும் மெய் பிம்பம் (திரையில் பிடிக்கக்கூடியது) எப்போதும் தலைகீழ், மாய பிம்பம் (திரையில் பிடிக்க முடியாதது) எப்போதும் நேர். விடையின் குறி இதோடு ஒத்துப்போகாவிட்டால் மற்றதைப் பார்க்கவே வேண்டாம், மரபைத் திருத்துங்கள்.

அறிகுறி: உயரங்களின் விகிதமும் தூரங்களின் விகிதமும் ஒத்துவரவில்லை

ஒளியியல் மேடையில், அதாவது லென்ஸையும் திரையையும் தாங்கிகளில் நிறுத்தி நகர்த்தும் அளவுகோல் தண்டில், அதிகம் தலைவலி தருவது இதுதான். அம்புக்குறியின் உயரம் 1.0, திரையில் 4.9. தூரங்களை வகுத்தால் 4.1 வருகிறது. மாணவர்கள் உடனே லென்ஸைச் சந்தேகிக்கிறார்கள். முதலில் சந்தேகிக்க வேண்டியது தாங்கியின் குறிமுள்ளை: அது அளவுகோலில் காட்டும் இடமும் லென்ஸ் உண்மையில் நிற்கும் இடமும் ஒன்றாக இல்லாமல் போகலாம்.

ஏன் என்று பார்க்க லென்ஸ் சமன்பாட்டை வேறு வடிவில் எழுதிக்கொள்ளுங்கள். குறியை விட்டுவிட்டால்:

உருப்பெருக்கம் = குவியத்தூரம் ÷ (பொருள் தூரம் − குவியத்தூரம்)

வகுக்கும் எண் ஒரு வித்தியாசம். பொருள் குவியத்தை நெருங்க நெருங்க அந்த வித்தியாசம் சுருங்கும். அளவீட்டில் வரும் சின்னப் பிழையும் பூதாகாரமாகும். குவியத்தூரம் 10, பொருள் 12இல் என்றால் உருப்பெருக்கம் 5. பொருள் தூரத்தை அரை செ.மீ. கூடுதலாக, 12.5 என்று எடுத்தால் 4 ஆகிவிடும். அரை செ.மீ. குறைத்து 11.5 என்றால் 6.7. அதே அரை செ.மீ. பிழை, பொருள் 20இல் இருக்கும்போது நேர்ந்தால் 1 என்பது 0.95 ஆகும், அவ்வளவுதான். ஆகவே ஐந்து மடங்கு, ஆறு மடங்கு என்று பெரிய பிம்பத்தைத் தேடிப் போகும் அளவீடுகளில்தான் பிழை அம்பலமாகிறது. லென்ஸ் கெட்டுவிட்டது என்று அர்த்தமல்ல.

பிழையை நீக்கும் முறை:

1. இரு முனைகளும் மழுங்கலான, நீளம் தெரிந்த கம்பி ஒன்றை எடுங்கள், 20 செ.மீ. வசதியானது. ஒரு முனை பொருளைத் தொட, மறு முனை லென்ஸின் நடுப்பரப்பைத் தொடட்டும்.
2. இப்போது அளவுகோலில் இரு குறிமுட்களுக்கும் இடையே உள்ள தூரத்தைப் படியுங்கள். 20.6 என்று காட்டினால், இரு பக்கமும் ஒரே மாதிரி குவிந்த லென்ஸின் தடிமன் 0.8 என்று வைத்துக்கொண்டால், உண்மைத் தூரம் 20 + 0.4 = 20.4. எனவே இந்தப் பக்கத் தூரங்களில் எல்லாம் 0.2 கழிக்க வேண்டும்.
3. திரைக்கும் லென்ஸுக்கும் இடையே இதையே தனியாகச் செய்யுங்கள். இரண்டு பக்கத் திருத்தமும் ஒன்றாக இருக்கும் என்று எடுத்துக்கொள்வது வழக்கமான தவறு.

அடுத்து திரையின் இடம். பெரிதாக்கிய பிம்பத்துக்குத் திரையை ஓரிரு செ.மீ. முன்னும் பின்னும் நகர்த்தினாலும் கூர்மை கெட்டதாகத் தெரியாது. கண்ணுக்குப் பிடித்த இடத்தில் நிறுத்திவிடாதீர்கள். மங்கத் தொடங்கும் இரண்டு எல்லைகளையும் குறித்து நடுவை எடுங்கள். வெள்ளை ஒளியில் விளிம்பில் சிவப்பும் நீலமும் பிரிந்து தெரிந்தால் ஒரே நிற வடிகட்டி ஒன்றைப் போட்டுவிடுங்கள். ஒவ்வொரு நிறத்துக்கும் குவியத்தூரம் கொஞ்சம் வேறு.

உயரத்தை அளப்பதிலும் கவனம் தேவை. அம்பின் நுனி கூசும் வெளிச்சத்தில் கரைந்துவிடும். அம்புக்குப் பதில் மில்லிமீட்டர் கோடுகள் அச்சிட்ட ஒளிபுகும் தாளைப் பொருளாக வைத்து, திரையில் பத்துக் கோடுகள் எவ்வளவு தூரம் பரவுகின்றன என்று அளந்தால் பிழை பெருமளவு குறையும்.

எல்லாம் செய்தும் சந்தேகம் தீராவிட்டால் வரைபடத்துக்குப் போங்கள். உருப்பெருக்கத்தை மேல்நோக்கிய அச்சிலும் பிம்பத் தூரத்தைக் கிடை அச்சிலும் வையுங்கள். உருப்பெருக்கம் = (பிம்பத் தூரம் ÷ குவியத்தூரம்) − 1 என்பதால் நேர்கோடு வரும்; அதன் சாய்வு 1 ÷ குவியத்தூரம். இந்த முறையின் அருமை என்னவென்றால், குறிமுள்ளின் நிலையான பிழை கோட்டை இடம்பெயர்க்குமே தவிரச் சாய்வை மாற்றாது. சாய்வு 0.100 என்றால் குவியத்தூரம் 10. கோடு கிடை அச்சை 10இல் வெட்ட வேண்டும், 10.6இல் வெட்டினால் பிம்பப் பக்கத்தில் 0.6 செ.மீ. பிழை ஒளிந்திருக்கிறது. உயரங்களை அளந்தே உருப்பெருக்கம் கண்டிருக்க வேண்டும் என்பது நிபந்தனை. தூரங்களை வகுத்துக் கண்டதை இங்கே வரைந்தால், பிழையை அதே பிழையை வைத்துச் சரிபார்ப்பதாகிவிடும்.

அறிகுறி: லென்ஸை எங்கே நகர்த்தினாலும் திரையில் பிம்பம் இல்லை

பொருளுக்கும் திரைக்கும் இடையே குவியத்தூரத்தைப் போல் நான்கு மடங்காவது இருக்க வேண்டும். குவியத்தூரம் 10 உள்ள லென்ஸோடு இரண்டையும் 35இல் வைத்துவிட்டுத் தேடினால் நாள் முழுக்கத் தேடலாம். 45க்கு நகர்த்துங்கள். லென்ஸ் பொருளிலிருந்து 15இல் இருக்கும்போது இரண்டு மடங்கு பிம்பமும், 30இல் இருக்கும்போது அரை மடங்கு பிம்பமும் கிடைக்கும்.

இந்த இரண்டு நிலைகளின் உருப்பெருக்கங்களைப் பெருக்கினால் எப்போதும் 1. அதாவது இரண்டு பிம்ப உயரங்களின் பெருக்கலுக்கு வர்க்கமூலம் எடுத்தால் பொருளின் உயரம். எந்தத் தூரத்தையும் அளக்காமலேயே உங்கள் உயர அளவீடு நம்பத்தக்கதா என்று சொல்லிவிடும் சோதனை இது. இரண்டு நிமிட வேலை, தவறவிடாதீர்கள்.

அறிகுறி: அச்சின் நெடுக்கே கிடக்கும் பொருள் எதிர்பார்த்ததைவிட அதிகம் நீள்கிறது

பக்கவாட்டு உருப்பெருக்கம் அச்சுக்குக் குறுக்கே நிற்கும் உயரத்துக்குத்தான். அச்சு வழியே கிடக்கும் நீளத்துக்கு, இரு முனைகளின் உருப்பெருக்கங்களையும் ஒன்றோடொன்று பெருக்க வேண்டும். குவியத்தூரம் 10, 15இலிருந்து 16 வரை கிடக்கும் ஒரு செ.மீ. குச்சி. முனைகளின் பிம்பங்கள் 30இலும் 26.67இலும், பிம்பக் குச்சியின் நீளம் 3.33. முனைகளின் உருப்பெருக்கங்கள் 2, 1.667, பெருக்கினால் அதே 3.33. குச்சி மிகச் சிறியதாக இருந்தால் இது உருப்பெருக்கத்தின் வர்க்கம். பரப்புக்கும் வர்க்கம்தான், மூன்று மடங்கு பிம்பத்தில் ஒரு சதுரம் ஒன்பது மடங்கு இடத்தை அடைக்கும்.

அறிகுறி: இரண்டு லென்ஸ் கணக்கில் விடை முடிவிலிக்குப் போகிறது

இரண்டு லென்ஸ்களின் உருப்பெருக்கங்களைக் கூட்டக் கூடாது, பெருக்க வேண்டும் என்பது பெரும்பாலோருக்குத் தெரியும். சிக்கல் வேறு இடத்தில். முதல் லென்ஸின் பிம்பம் இரண்டாவது லென்ஸைத் தாண்டி விழ வேண்டியிருந்தால், இரண்டாவதற்கு அது மாயப் பொருள். அதன் தூரத்துக்கு நேர்க்குறி.

குவியத்தூரம் 10 உள்ள இரண்டு குவிலென்ஸ்கள், 20 இடைவெளியில். பொருள் முதல் லென்ஸுக்கு முன் 15இல். முதல் பிம்பம் 30இல், அதாவது இரண்டாவது லென்ஸுக்கு அப்பால் 10. இதை −10 என்று போட்டால், பொருள் குவியத்தில் இருப்பதாகக் கணக்கு நினைத்துக்கொண்டு முடிவிலி என்கிறது. +10 என்று போட்டால் 1/10 + 1/10, பிம்பம் 5இல். இரண்டாவது லென்ஸின் உருப்பெருக்கம் +5 ÷ +10 = +0.5. மொத்தம் −2 × 0.5 = −1. மேடையில் வைத்துப் பார்த்தால் பொருளின் அதே உயரத்தில் தலைகீழ் பிம்பம் இரண்டாவது லென்ஸுக்கு 5 செ.மீ. பின்னால் விழும்.

அறிகுறி: உருப்பெருக்கும் கண்ணாடியில் போட்டிருக்கும் மடங்கு வரவில்லை

இங்கேதான் கோணத்துக்கு மாற வேண்டும். சமதள ஆடியை எண்ணிப் பாருங்கள்: பக்கவாட்டு உருப்பெருக்கம் எப்போதும் 1, ஆனாலும் பின்வாங்கப் பின்வாங்க உங்கள் உருவம் சிறுத்துக்கொண்டே போகிறது. கண் அறிவது கோணத்தை மட்டும்தான்.

எளிய உருப்பெருக்கிக்குப் புத்தகங்கள் இரண்டு சூத்திரங்கள் தருகின்றன: 25 ÷ குவியத்தூரம், 1 + 25 ÷ குவியத்தூரம். இரண்டும் சரி. முதலாவது, பொருளைக் குவியத்திலேயே வைத்து, பிம்பம் முடிவிலியில், கண் தளர்ந்த நிலையில் பார்ப்பதற்கு. இரண்டாவது, பிம்பத்தை அண்மைப் புள்ளிக்கு (கண் தெளிவாகப் பார்க்கக்கூடிய மிக அருகிலுள்ள இடம்), அதாவது 25 செ.மீ.க்கு இழுத்து, கண்ணை லென்ஸோடு ஒட்டிவைத்துப் பார்ப்பதற்கு. குவியத்தூரம் 5 என்றால் 5 மடங்கு அல்லது 6 மடங்கு. முதல் நிலையில் பக்கவாட்டு உருப்பெருக்கம் முடிவிலி, ஆனால் கோண உருப்பெருக்கம் வெறும் 5. இரண்டு விகிதங்களும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

கண்ணாடிகளில் அச்சிடும் எண்ணும் இந்த இரண்டில் எதுவாகவும் இருக்கலாம். 8 டையாப்டர் லென்ஸின் குவியத்தூரம் 12.5 (100ஐ டையாப்டரால் வகுத்தால் செ.மீ.யில் குவியத்தூரம்), அதை 2 மடங்கு என்றும் விற்கலாம், 3 மடங்கு என்றும் விற்கலாம். எனவே எண்ணை நம்பாமல் குவியத்தூரத்தை அளந்துகொள்ளுங்கள்: தொலைவில் உள்ள சன்னலின் பிம்பத்தைச் சுவரில் கூர்மையாக்கி, லென்ஸுக்கும் சுவருக்கும் இடைப்பட்ட தூரத்தைப் பாருங்கள்.

குவியத்தூரம் சரியாக இருந்தும் பெரிதாகத் தெரியவில்லையா? லென்ஸைத் தாளுக்கு அருகில் பிடித்துக்கொண்டு தலையைத் தள்ளி வைத்திருப்பீர்கள். குவியத்தூரம் 10 உள்ள லென்ஸை எழுத்துக்கு மேல் 5 செ.மீ. உயரத்தில் பிடித்தால், எழுத்தின் மாய பிம்பம் இரண்டு மடங்காக லென்ஸுக்குக் கீழே 10இல் இருக்கும். கண் லென்ஸிலிருந்து 50இல் என்றால் பிம்பம் கண்ணிலிருந்து 60 தள்ளி இருக்கிறது. இரண்டு மடங்கு உயரத்தை 60ஆல் வகுத்தால் முப்பதில் ஒரு பங்கு. அதே எழுத்தை லென்ஸே இல்லாமல் 25 செ.மீ.யில் பிடித்துப் பார்த்தால் இருபத்தைந்தில் ஒரு பங்கு! அதாவது லென்ஸைப் பிடித்தும், வெறும் கண்ணால் கிட்டே பார்ப்பதைவிடச் சிறியதாகவே தெரிகிறது.

செய்ய வேண்டியது: லென்ஸைக் கண்ணோடு ஒட்டிப் பிடியுங்கள், பிறகு பொருளை லென்ஸை நோக்கிக் கொண்டுவாருங்கள். இதே லென்ஸில் பொருள் 7.1 தூரத்தில் வரும்போது பிம்பம் 25இல் நிற்கும், 3.5 மடங்கு கிடைக்கும். கண்ணை ஒட்ட வைக்க முடியாத வேலை என்றால், பொருளைச் சரியாகக் குவியத்தில் நிறுத்துங்கள். அப்போது கதிர்கள் இணையாக வருவதால், தலையை நகர்த்தினாலும் 2.5 மடங்கு மாறாது; தெரியும் பரப்பு மட்டும் குறுகும். லென்ஸைக் குவியத்தைத் தாண்டி உயர்த்தினால் எல்லாம் மங்கி, பிறகு தலைகீழாகத் தெரியும். அது கோளாறல்ல, மெய் பிம்பம் உங்கள் கண்ணுக்கு முன்னால் உருவாகிறது.

இன்னொன்று. 25 செ.மீ. என்பது ஏற்றுக்கொண்ட ஒரு சராசரி. அண்மைப் புள்ளி 12.5 உள்ள கிட்டப்பார்வைக்காரருக்குக் குவியத்தூரம் 5 உள்ள லென்ஸ் தருவது 3.5 மடங்கு ஆதாயம். 100 உள்ளவருக்கு 21 மடங்கு. ஆனாலும் பொருளைப் பெரிய கோணத்தில் பார்ப்பவர் முன்னவர்தான். ஒரே லென்ஸைப் பற்றி இருவர் வெவ்வேறு விதமாகச் சொன்னால் இருவரையும் நம்பலாம்.

அறிகுறி: தொலைநோக்கியின் உருப்பெருக்கம் கணக்கில் கிட்டத்தட்ட சுழியம்

பக்கவாட்டு விகிதத்தைப் போட்டிருக்கிறீர்கள். 1000 மி.மீ. குவியத்தூரப் பொருளருகு லென்ஸ், 3474 கி.மீ. விட்டமுள்ள நிலவை ஏறக்குறைய 9 மி.மீ. பிம்பமாகச் சுருக்குகிறது. அந்த விகிதத்துக்கு அர்த்தமே இல்லை. இங்கே வேண்டியது பொருளருகு லென்ஸின் குவியத்தூரம் ÷ கண்ணருகு லென்ஸின் குவியத்தூரம். 700 மி.மீ., 20 மி.மீ. என்றால் 35. தொலைநோக்கியின் கண்ணருகு லென்ஸில் எழுதியிருப்பது மி.மீ. குவியத்தூரம், நுண்ணோக்கியினதில் எழுதியிருப்பது மடங்கு. எண்ணைப் பார்த்ததும் பெருக்கிவிடாதீர்கள்.

நேரடியாகச் சோதிக்கலாம். கருவியைப் பகல் வானத்தை நோக்கித் திருப்புங்கள். சூரியன் பக்கம் ஒருபோதும் வேண்டாம், கண் போய்விடும். கண்ணருகு லென்ஸின் பின்னால் வெள்ளைத் தாளைப் பிடித்து, ஒளிவட்டத்தின் விளிம்பு கூர்மையாகும் இடத்தில் அதன் விட்டத்தை அளங்கள். முன் லென்ஸின் விட்டத்தை இதனால் வகுத்தால் உருப்பெருக்கம். 70 மி.மீ. லென்ஸுக்கு வட்டம் 2 மி.மீ. இருக்க வேண்டும். 1.4 என்று வந்து 50 மடங்கு போலத் தெரிந்தால் மகிழாதீர்கள். குழாய்க்குள் ஒரு வளையம் ஒளியை அடைத்து, 70 மி.மீ. லென்ஸில் 49 மி.மீ.யைத்தான் வேலை செய்ய விடுகிறது. 40 மி.மீ. துளையுள்ள அட்டையை முன்னால் மாட்டி மறுபடி அளந்தால் வட்டம் 1.14 ஆகும், விடை 35க்குத் திரும்பும்.

அறிகுறி: நுண்ணோக்கியில் மடங்கு கூடியும் புதிதாக ஒன்றும் தெரியவில்லை

பொருளருகு லென்ஸில் 40/0.65 என்று இருந்தால், 0.65 என்பது எண்ணியல் துளை, அதாவது லென்ஸ் எவ்வளவு அகலமான கூம்பாக ஒளியைத் திரட்டுகிறது என்பதன் அளவு. பயனுள்ள மொத்த உருப்பெருக்கம் அதைப் போல் 500 முதல் 1000 மடங்கு வரை, அதாவது 325 முதல் 650 வரை. 10 மடங்கு கண்ணருகு லென்ஸோடு 400 சரி. 25 மடங்கைப் போட்டு 1000 ஆக்கினால் மங்கல்தான் பெரிதாகும். பச்சை ஒளியில் இந்த லென்ஸால் ஏறக்குறைய 0.5 மைக்ரோமீட்டருக்குக் குறைந்த இடைவெளியைப் பிரித்துக்காட்ட முடியாது.

அளந்த மடங்கு எழுதியிருப்பதோடு பொருந்தாவிட்டால் லென்ஸின் உடலில் 160 (மி.மீ.யில் குழாய் நீளம்) என்றிருக்கிறதா, முடிவிலிக் குறி இருக்கிறதா பாருங்கள். முடிவிலிக் குறி உள்ளவை அந்தந்த நிறுவனத்தின் குழாய் லென்ஸோடுதான் எழுதிய மடங்கைத் தரும். அந்தக் குழாய் லென்ஸின் குவியத்தூரம் ஒலிம்பஸுக்கு 180 மி.மீ., நிக்கானுக்கு 200 மி.மீ.; முன்னதன் 10 மடங்கு லென்ஸைப் பின்னதன் உடலில் பொருத்தினால் 11.1 மடங்கு.

புகைப்படத்தின் கீழ் 400 மடங்கு என்று எழுதுவதை விட்டுவிடுங்கள். திரை மாறினால் அந்த எண் பொய். 1 மி.மீ. நூறாகப் பிரித்த மேடை அளவுகோலை அதே அமைப்பில் படமெடுங்கள். 0.1 மி.மீ. 1000 பிக்சல் என்றால் ஒரு பிக்சல் 0.1 மைக்ரோமீட்டர், 500 பிக்சல் நீளக் கோடு ஒன்றை வரைந்து 50 மைக்ரோமீட்டர் என்று எழுதினால் எந்த அளவில் அச்சிட்டாலும் சரியாக இருக்கும்.

அறிகுறி: நடுவில் ஒரு மடங்கு, ஓரத்தில் வேறு மடங்கு

கட்டம் போட்ட தாளைப் பாருங்கள். நேர்கோடுகள் ஓரத்தில் வெளிப்பக்கம் புடைத்தால் ஓரத்தின் உருப்பெருக்கம் குறைவு. உட்பக்கம் வளைந்தால் அதிகம். இது லென்ஸின் உருக்குலைவு, துளையைச் சுருக்கினால் போகாது. ஒரு பக்கம் மட்டும் பெரிதாக இருந்தால் திரையோ லென்ஸோ சாய்ந்திருக்கிறது. அதைச் செங்குத்தாக்கிவிட்டு, பிம்பத்தின் நடு மூன்றில் ஒரு பங்குக்குள் மட்டும் அளங்கள்.